காரணம் சொல்லாத நடுவர்

செஸ்ஸில் தோற்ற பிறகு வரும் அரை மணி நேரம்தான் அந்த ஆட்டத்திலேயே சுகமான பகுதி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஆடப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள். போட்டிகள் அன்று பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில் நடக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் மண்டபம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் ஆடியில் போட்டிகள் அதிகம். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு ஆர்பிட்டரிடம் கொடுப்போம். நாலு மணி நேரமாக ஒரு வார்த்தை பேசாமல் நம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த மனிதர் அப்போதுதான் வாயைத் திறப்பார்: "வாங்க சார், அனலைஸ் பண்ணலாம்."

பந்திக் கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு, ஆட்டம் எங்கே திரும்பியதோ அங்கிருந்து மறுபடி காய்களை அடுக்குவோம். "இங்க குதிரையை ஏன் வெட்டினீங்க?" "வெட்டலேன்னா நீங்க சிப்பாயைத் தள்ளிடுவீங்களே." "எனக்கு அது தோணவே இல்லையே சார்!" இல்லாத ஒரு மிரட்டலுக்குப் பயந்து நல்ல குதிரையைக் கொடுத்தோம் என்பது அப்போது தெரியவரும். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவர்களில் கட்டாயம் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் இருப்பார். யாரையும் கேட்காமல் நம் தோளுக்கு மேலே அவர் கை நீளும். மந்திரியைத் தூக்கி எதிர்பாராத கட்டத்தில் வைத்துவிட்டு, "இப்ப என்ன செய்வே?" என்பார். பாதி நேரம் அவர் சொல்வது தப்பாகவே இருக்கும். அது தப்பு என்று நிரூபிக்க இன்னொரு பத்து நிமிடம் ஆகும். நான் கற்ற செஸ்ஸில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடங்களில் கற்றதுதான்.

இணையத்தில் அதிவேக ஆட்டம் வந்து செஸ்ஸைக் கெடுத்துவிட்டது என்று என் வயதுக்காரர்கள் புலம்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வேகம் சென்னைக்குப் புதிதல்ல. 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், 1972இல் இங்கே சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது அங்கே நடந்த பிளிட்ஸ் ஆட்டங்களின் சட்டம். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோதும், பிறகு 5 முறை உலகப் பட்டம் வென்றபோதும் எல்லோரும் வியந்தது அவருடைய வேகத்தைத்தான். வேகம் கெடுதல் என்றால் ஆனந்த் வந்திருக்கவே மாட்டார்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது 1997 மே மாதம் நியூயார்க்கில் தொடங்கியது என்று சொல்லலாம். ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, உலக சாம்பியன் காரி காஸ்பரோவை 3.5க்கு 2.5 என்ற கணக்கில் வென்றது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் இயந்திரம் என்றார்கள். இங்கே மறுநாள் பேப்பரைப் பார்த்து அலுவலகத்தில் ஆளாளுக்குப் பேசினோம். மனிதன் தோற்றான் என்பதை ஜீரணித்துக்கொண்டோம். எனக்கு அந்தச் செய்தியில் ஒட்டிக்கொண்டது காஸ்பரோவ் கேட்ட ஒரு சின்ன விஷயம். இரண்டாவது ஆட்டத்தில் இயந்திரம் சிப்பாய்களை வாரிக்கொள்ளாமல் ஒரு நிதானமான நகர்த்தலைச் செய்தது. உள்ளே மனிதர் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். அந்த நகர்த்தலை அது எப்படி முடிவு செய்தது என்ற பதிவைக் காட்டுங்கள் என்றார். அப்போது காட்டவில்லை. பின்னால் பதிவுகளை இணையத்தில் போட்டார்கள், அதற்குள் ஊர் கலைந்துவிட்டது. காஸ்பரோவின் சந்தேகம் சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அனலைஸ்தான். பந்திக் கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட அதே கேள்வி.

அதற்குச் சில வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் ஃப்ரிட்ஸ் மென்பொருளைப் பார்த்தேன். நான் தோற்ற ஓர் ஆட்டத்தை நண்பர் அதில் ஏற்றினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் ஓர் எண். ஓரிடத்தில் மைனஸ் 0.31. அடுத்த நகர்த்தலில் மைனஸ் 1.70. "அங்கதான் விட்டுட்டே" என்றார் நண்பர். ஏன் என்றேன். அவர் அது காட்டிய பதினைந்து நகர்த்தல் நீளமுள்ள ஒரு வரிசையைத் தட்டிக்கொண்டே போனார். கடைசியில் எனக்கு ஒரு சிப்பாய் குறைந்திருந்தது. அந்த வரிசையில் நானும் என் எதிராளியும் ஒருபோதும் ஆடியிருக்க மாட்டாத நகர்த்தல்கள் பாதிக்கு மேல். தீர்ப்பு கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. நண்பருக்கு அது போதுமாயிருந்தது.

அந்தக் காலத்து மென்பொருள்களில் குறைந்தபட்சம் மனிதர் எழுதிய கணக்கு ஒன்று இருந்தது. ராஜாவுக்குப் பாதுகாப்பு எவ்வளவு, சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கின்றனவா, யானைக்குத் திறந்த பாதை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் ஸ்டாக்ஃபிஷ் அப்படித்தான் தொடங்கியது. 2020இல் அதற்குள் நரம்பு வலைப்பின்னல் புகுந்தது. கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துத் தானாகப் பழகிய மதிப்பீடு அது. ஆட்டம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. 2023இல் மனிதர் கையால் எழுதிய மதிப்பீட்டை முழுவதுமாக எடுத்தே விட்டார்கள். தொழில்நுட்பரீதியில் சரியான முடிவு, பழைய கணக்கு வெறும் சுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உலகத்தின் மிகச் சிறந்த செஸ் ஆட்டக்காரனிடம் இப்போது "ஏன்" என்று கேட்டால் அதை எழுதியவர்களாலும் பதில் சொல்ல முடியாது.

இணையத்தில் ஆட்டம் எனக்கு அறிமுகமானது பிரவுசிங் சென்டரில். மணிக்கு முப்பது ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, அன்று பிரபலமாக இருந்த ஒரு தளத்தில் நுழைந்தால் பல்கேரியாவில் யாரோ ஒருவர் காத்திருப்பார். டயல்-அப் இணைப்பு. நல்ல நிலையில் இருக்கும்போது கடைக்காரருக்குப் போன் வரும், லைன் அறுந்துவிடும். திரும்ப உள்ளே போனால் "நீங்கள் தோற்றுவிட்டீர்கள்" என்று இருக்கும். சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவோம். ஜெயித்தாலும் தோற்றாலும் நான் ஆங்கிலத்தில் "அனலைஸ் செய்யலாமா" என்று தட்டுவேன். பல்கேரியாக்காரர் அதற்குள் வேறொருவரோடு ஆடிக்கொண்டிருப்பார்.

செல்போன் வந்த பிறகு இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நிமிட ஆட்டம். இந்த ஆட்டத்துக்கென்று தனி வியூகம் உண்டு, அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஆடிப் பார்த்ததில்லை. மூன்று நிமிடத்தில் சிறந்த நகர்த்தலைத் தேடுகிறவன் தோற்பான். எதிராளிக்கு ஐந்து விநாடி செலவு வைக்கும் நகர்த்தலைத் தேட வேண்டும். ராணியைச் சும்மா ஒரு கட்டம் நகர்த்தி ஏதோ மிரட்டுவதுபோல் நிறுத்தினால் போதும், என்ன மிரட்டல் என்று யோசிப்பதற்குள் அவர் கடிகாரம் கரையும். ஓப்பனிங்கில் யோசிக்கவே கூடாது. அதனால்தான் பாதி உலகம் லண்டன் சிஸ்டம் ஆடுகிறது. எதிராளி என்ன செய்தாலும் வெள்ளைக் காயில் ஆடுகிறவன் சிப்பாயையும் மந்திரியையும் ஒரே இடத்தில்தான் வைக்கிறான், அதற்கு மூளை தேவையில்லை. எதிராளி நகர்த்துவதற்கு முன்பே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைக்கும் பிரீ-மூவ் இன்னொரு ஆயுதம். காயைத் திரும்ப வெட்டுவதுபோல் கட்டாயமான இடத்தில்தான் அதைப் போட வேண்டும், ஆசைப்பட்டு மற்ற இடத்தில் போட்டால் ராணி போய்விடும்.

இதில் ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கடைசிப் பத்து விநாடியில் எல்லாக் காயையும் இழந்து நின்றாலும் ஒரே ஒரு சிப்பாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிராளியின் நேரம் தீரும்போது உங்களிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா, மேட் பண்ண வழியில்லாதவனுக்கு வெற்றி கிடையாது. ஒரு சிப்பாய் இருந்தால், அது ராணி ஆகியிருக்கக்கூடும் என்ற கணக்கில் வெற்றி உங்களுக்கு. அவரிடம் ராணியும் இரண்டு யானையும் இருந்தாலும் அப்படித்தான். அந்தச் சிப்பாயை ஓரத்தில் ஒளித்துவைத்து நான் ஜெயித்த ஆட்டங்கள் கணிசம். நேர்மையான வெற்றியா என்று கேட்டால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூட்டிக் கொடுக்கும் கடிகாரத்தைப் பாபி ஃபிஷர் எண்பதுகளிலேயே யோசித்து அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். விரும்பினால் அப்படி ஆடலாம். விரும்பாமல் மூன்று நிமிடம் தேர்ந்தெடுத்தவர் புகார் சொல்லக் கூடாது.

தளத்தின்மேல் புகார் சொல்லலாம். யானையை இழுக்கும்போது விரல் ஈரமாயிருந்தால் ஒரு கட்டம் தள்ளி விழும். அப்டேட் என்ற பெயரில் ஒரு நாள் காலையில் பலகையின் நிறம் மாறியிருக்கும். இதெல்லாம் போகட்டும். நான் ஆடிய ஒரு தளத்தில் ஆட்டம் முடிந்ததும் ஒரு சிவப்புக் குறி வரும்: நீங்கள் 23ஆவது நகர்த்தலில் பெரும் தவறு செய்தீர்கள். அது ஏன் தவறு என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்றைய இலவசம் தீர்ந்துவிட்டது, சந்தா கட்டுங்கள். ரயில்வேக்காரர் ஓசியில் சொன்னதை மாதத் தவணையில் விற்கிறார்கள். திபோ துப்லெஸ்ஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் 2010இல் தொடங்கிய லீசெஸ் தளத்தில் விளம்பரமும் கிடையாது, சந்தாவும் கிடையாது, அனலைஸ் முழுக்க இலவசம். நன்கொடையில் ஓடுகிறது. அங்கேயும் எண்தான் வரும், என்றாலும் காசு கேட்பதில்லை.

ரேட்டிங் என்பதும் எண்தானே, அதில் உனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று என் அக்கா மகன் ஒருமுறை மடக்கினான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்ட ரேட்டிங் முறை, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாத் ஈலோ வகுத்தது. இரண்டு பேருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் பலமானவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் இறங்குவார், கூட எடுத்தால் ஏறுவார். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுச் சரிபார்க்கலாம். போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டான்.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 2020, ஊரடங்கு. அவனுக்கு 11 வயது. போட்டிகள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு தனியார் அமைப்பு பிள்ளைகளுக்கான போட்டியை இணையத்தில் நடத்தியது. ஆட்டம் ஒரு தளத்தில், கண்காணிப்பு ஜூமில். லேப்டாப் கேமரா முகத்தைக் காட்ட வேண்டும். இன்னொரு போனைப் பக்கவாட்டில் வைத்துத் திரையும் கையும் தெரியச் செய்ய வேண்டும். அந்தப் போன் நிற்பதற்குச் சம்படத்தையும் அதன்மேல் பஞ்சாங்கத்தையும் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தோம். தொடங்கும் முன் ஆர்பிட்டர் அறையை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னார். போனைத் தூக்கிக்கொண்டு அக்கா கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டினாள். குக்கர் விசில் அடித்தால் பிள்ளையின் கவனம் சிதறும் என்று அடுப்பை அணைத்துவிட்டு, அன்று மதியம் எல்லோருக்கும் தயிர்சாதம்.

பையன் நன்றாக ஆடினான். யோசிக்கும்போது உத்தரத்தைப் பார்ப்பான், சின்ன வயதிலிருந்தே பழக்கம். உக்ரைனின் இவான்சுக் உலகப் போட்டிகளிலேயே கூரையைப் பார்த்துத்தான் யோசிப்பார், அவரை யாரும் கேட்டதில்லை. தன்னைவிட ரேட்டிங் கூடிய இரண்டு பிள்ளைகளை அடுத்தடுத்து வென்றான். அதற்கு அடுத்த சுற்றில் உள்ளே நுழைய முடியவில்லை. கணக்கு மூடப்பட்டிருந்தது. நேர்மை விதிகளை மீறியதாக ஒரு வரி.

அக்கா உடனே ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தாள். "தளத்தோட முடிவும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். வாட்ஸ்அப் குழுவில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. தளத்துக்கு மேல்முறையீடு செய்ய ஒரு படிவம் இருந்தது. நான் உட்கார்ந்து நீளமாக எழுதினேன்: பக்கவாட்டு கேமராவின் பதிவு இருக்கிறது, பாருங்கள், எந்த ஆட்டம், எந்த நகர்த்தல் என்று மட்டும் சொல்லுங்கள். சில நிமிடங்களில் பதில் வந்துவிட்டது. எழுதியதற்கு நன்றி, எங்கள் முறைகளை வெளியிடுவதில்லை, முடிவு இறுதியானது. அவ்வளவு சீக்கிரம் யாரும் பதிவைப் பார்த்திருக்க முடியாது. மறுபடி எழுதினேன். அதே கடிதம் வந்தது, நன்றி உட்பட.

பையன் அழவில்லை. என் தோளைத் தொட்டு, "மாமா, நான் எந்த மூவ்ல ஏமாத்தினேன்னு சொல்றாங்க?" என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே அது தெரிய வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டத்தையும் பலகையில் எடுத்து வைத்து முதலிலிருந்து ஆடிக் காட்டினான். இதுவா இருக்குமோ, இது நான் போன வாரம் வகுப்புல கத்துக்கிட்டதுதானே, இல்ல இதுவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது ஆட்டத்தில் யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கிய இடத்தில் நான் கொஞ்சம் நேரம் நின்றேன். 11 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய நகர்த்தல். ஏன் செய்தாய் என்றேன். "அந்த மந்திரி இல்லேன்னா அவன் ராஜாவைக் காப்பாத்த ஆளே இல்ல மாமா" என்றான். எனக்கு வேண்டிய பதில் அதுதான். அதை யாரிடம் சமர்ப்பிப்பது?

தளங்களின் சங்கடத்தை நான் அறிவேன். ஏமாற்றுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். உலக சாம்பியனைத் தோற்கடிக்கும் மென்பொருள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று விவரமாகச் சொன்னால் அடுத்த ஏமாற்றுக்காரனுக்கு அது பாடம். மென்பொருள் தேர்ந்தெடுக்கும் நகர்த்தலும் ஆடியவர் செய்ததும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன, கஷ்டமான நகர்த்தலுக்கும் எளிய நகர்த்தலுக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்கிறாரா என்பதையெல்லாம் வைத்துத்தான் பிடிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அது நிகழ்தகவுக் கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கலாம். சரியாக இல்லாமல்போகும் சிலரில் ஒருவர் குழந்தையாக இருக்கும்போது அந்தக் குழந்தையிடம் பேசுவதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

நேரில் நடக்கும் போட்டியில் அப்படி ஒருவர் உண்டு. ஆர்பிட்டரின் முடிவு பிடிக்கவில்லையென்றால் ஒரு தொகை கட்டி மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். நம் பக்கம் நியாயம் இருந்தால் பணம் திரும்பிவரும். குழுவில் மூன்று பேர் உட்கார்ந்து இருதரப்பையும் கேட்பார்கள். அதே 2020 ஆகஸ்ட்டில் ஃபிடே நடத்திய இணைய ஒலிம்பியாடிலும் இது நடந்தது. காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோசியனுக்கு இணைப்பு போய்விட்டது. ஆர்மீனியா முறையிட்டது, நிராகரிக்கப்பட்டது. கோபத்தில் அவர்கள் போட்டியைவிட்டே விலகினார்கள். ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவோடு இறுதிப் போட்டி. நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து நேரம் தீர்ந்தது. அன்று உலகளவிலேயே இணையச் சேவையில் கோளாறு. இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

தங்கம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் ஆர்மீனியர்களின் ஆத்திரம் நியாயமானது என்று அன்றே நினைத்தேன். ஓர் ஆட்டக்காரரின் இணைப்பு போனால் அவர் பொறுப்பு, உலகத்துக்கே போனால் யார் பொறுப்புமில்லை என்பது ஒரு வாதம். இருவருக்கும் இழப்பு ஒன்றுதானே என்பது எதிர்வாதம். வாரக்கணக்கில் செஸ் உலகம் இதைப் பேசியது. முடிவு எடுத்தவருக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, அவரைத் திட்ட முடிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்த கடிதத்தின் கீழே ஒரு பெயர்கூட இல்லை.

அதன் பிறகு அவன் இணையத்தில் போட்டி ஆடவில்லை. அது நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா, நம்மூர் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், இணையப் போட்டி ஒன்றில் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். வீட்டைவிட்டு நகராமல் உலக சாம்பியனோடு ஆடும் வாய்ப்பு எங்கள் தலைமுறை கனவிலும் காணாதது. அந்த வருடம் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது பையனைக் கூட்டிப்போனேன். அரங்கில் முடிந்த ஆட்டங்களின் பலகைகளுக்கு மேல் இரண்டு தலைகள் குனிந்து ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தன. அதை அவன் ஆட்டங்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக நம் குகேஷுக்கும் சாம்பியன் டிங் லிரனுக்கும் 14ஆவது ஆட்டம், கடைசி ஆட்டம். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் இருபது பேர் கூடியிருந்தோம். டிராவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த ஆட்டத்தில் டிங் 55ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். திரையோரத்தில் இருந்த அளவுகோல் சடாரென்று சாய்ந்தது. "பிளண்டர், பிளண்டர்" என்று எல்லோரும் கத்தினார்கள். செஸ்ஸே தெரியாத மேல்வீட்டு மாமிகூடக் கத்தினார். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவனிடம் ஏன் தம்பி என்றேன். "பார் கீழ போயிடுச்சு அங்கிள்" என்றான்.

அக்கா மகன் வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "வெள்ளை மந்திரி ஏ8 மூலையில மாட்டியிருக்கு மாமா. யானைங்க வெட்டுப்பட்டதும் கறுப்பு மந்திரி டி5க்கு வரும். மூலையில இருக்கறதுக்கு ஓட இடமில்ல, மந்திரியும் மாறித்தான் ஆகணும். அப்புறம் வெறும் சிப்பாய், குகேஷுக்கு ஒண்ணு கூட." அடுத்த சில நிமிடங்களில் அப்படியே நடந்தது. குகேஷ் 18 வயதில் சாம்பியன் ஆனார். அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங்கை எட்டும் வரை அவரை மென்பொருளின் பக்கமே விடவில்லை என்பது பலரும் எழுதிய செய்தி. முதலில் தானே காரணம் கண்டுபிடிக்க வேண்டும், எண் பிறகு வரட்டும் என்பது அவர் முறை. எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், மென்பொருளோடே வளர்ந்து உச்சிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அன்று "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருந்தவன் ஒருவன்தான்.

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு இணையப் போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுக் கட்டணம் வாங்குவது நீங்கள், ஆகவே "தளத்தின் முடிவு" என்று சொல்லி ஒதுங்காதீர்கள். பிள்ளையை நீக்கும் முன் ஒரு ஆர்பிட்டரை அந்தப் பிள்ளையோடு கேமராவுக்கு முன் பத்து நிமிடம் உட்காரவையுங்கள். அந்த ஆட்டத்தைப் பலகையில் போட்டு, இந்த நகர்த்தலை ஏன் செய்தாய் என்று கேட்கச் சொல்லுங்கள். ஏமாற்றிய பிள்ளைக்குப் பதில் வராது. ஏமாற்றாத பிள்ளை நீங்கள் போதும் என்று சொல்லும் வரை பேசிக்கொண்டே இருக்கும்.